ஏறும் வேகம்

கேபிள், டெரியோ வீட்டுத் தபால்பெட்டியோடு
நின்றுவிட்டது.
அங்கிருந்து எங்கள் வாசல்வரை
இரண்டாயிரத்து முந்நூறு அடி:
உருளைக்கிழங்கு வயல், ஓர் ஓடை,
மெயின் மாநிலத்து வடகோடிக் குளிர்.
இழுத்துத் தர ஏழாயிரத்து நானூறு டாலர்
என்று கடிதம் வந்தது.
சமையல் மேஜையில் உப்புக்குப்பியின் அடியில்
நவம்பர் தொட்டு அப்படியே கிடந்தது.

டிஎஸ்எல் இருந்தது.
இருந்தது என்று சொல்லலாம்.
நிலையத்திலிருந்து புறப்படும்போது கழுதை,
மூன்று மைல் செம்புக் கம்பியில் தேய்ந்து தேய்ந்து
எங்கள் மோடத்துக்குள் நுழையும்போது கட்டெறும்பு.
மழை பெய்தால் அதுவும் இல்லை.

ராய்ஸுக்கு அது போதும்.
வானிலை, கிழங்கு விலை,
பழைய டிராக்டருக்கு எங்கோ யாரோ விற்கும் கியர்பெட்டி.
'மழை உறைந்து கம்பங்கள் சாய்ந்த வருஷம்
பதினோரு நாள் மின்சாரம் இல்லை.
செம்புப் போன் மட்டும் அடித்தது. மறந்துவிட்டாயா, ஒடெட்?'
மறக்கவில்லை.
அந்தப் பதினோரு நாளும் அதில்
என் தங்கையோடு ஒரு சொல் பேச முடியாததையும்
மறக்கவில்லை.

மேக்சீனுக்குக் காது கேட்காது.
எங்கள் பேச்சு கைகளில்.
அவள் ராச்செஸ்டர் போனபின்
ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் திரைக்கு முன்னால்
ஸ்வெட்டர் கையை மடித்துக்கொண்டு உட்காருவேன்.
அவள் கைகள் இங்கே வந்துவிடும்,
கட்டம் கட்டமாய், ஆனாலும் வந்துவிடும்.
என் கைகள்தாம் வீட்டைவிட்டுக் கிளம்பாது.
அம்மாவின் அறுவைச்சிகிச்சையை நான் சொல்லி முடித்தபோது
அவள் திரையில் என் வலது கை
நெஞ்சுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றதாம்,
பாதிச் சொல்லாக.
வளைத்த விரல்களை மறு உள்ளங்கையில்
கவிழ்த்தாள்: மறுபடி.
மறுபடி சொன்னேன்.
மறுபடி என்றாள்.
மூன்றாம் முறை, புரிந்ததுபோல் தலையாட்டினாள்.
அது எனக்குப் புரிந்துவிட்டது.

கேபிள் கம்பெனியைக் கூப்பிட்டேன்.
'படம் பார்க்கவா, விளையாடவா?
இறங்கும் வேகம் இருநூறு' என்றான் பையன்.
ஏறும் வேகம்?
அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம்.
'பத்து. இதை யாரும் கேட்பதில்லை.'
டிஎஸ்எல்லில் அரை. அதுவும் காகிதத்தில்.
வீட்டுக்குள் என்ன வரும் என்றே எல்லாரும் கேட்கிறார்கள்.
எனக்கு வெளியே போக வேண்டியிருந்தது,
ஒரு ஜோடிக் கை அளவுக்கு.

ராய்ஸ் ஒன்றும் சொல்லவில்லை.
ஏப்ரல் கடைசியில் தரை இளகியதும்
சால் அளக்கும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு
தபால்பெட்டிவரை நடந்தான்.
'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.
சாலை வளைவோடு அளந்திருக்கிறார்கள், களவாணிகள்.
பள்ளத்தை நானே தோண்டினால் எவ்வளவு குறைப்பான், கேள்.'
பாதிக்குக் கொஞ்சம் மேல்.
மீதிக்குப் பனிச்சறுக்கு வண்டியை விற்றோம்.
ஓடைக்கு அடியில் குழாய் செருக
டெரியோவின் மகன்கள் இரண்டு நாள் வந்தார்கள்;
பக்வீட் அப்பம் அறுபதாவது சுட்டிருப்பேன்.
செம்புப் போனை வெட்ட மட்டும்
ராய்ஸ் ஒப்பவில்லை.
மாதம் இருபத்தாறு டாலர், அடிக்காத போனுக்கு.

முதல் ஞாயிறு.
ஒரு சொல்லை வைத்தேன், காத்திருந்தேன்,
அடுத்த சொல்லை வைத்தேன்.
மேக்சீன் புருவம் சுருக்கினாள்.
லைன் இன்னும் மந்தமா?
இல்லை.
பின்னே ஏன் ஈரத் தரையில் நடப்பவள்போல் பேசுகிறாய்?

பதில் சொல்லுமுன் ராய்ஸ் பின்னாலிருந்து குனிந்து
இரண்டு விரலை மடக்கி
முஷ்டியின் மேல் தட்டினான்: உருளைக்கிழங்கு.
இத்தனை வருஷத்தில் அவன் கற்ற ஒரே சொல்.
அவன் கையை இறக்குவதற்குள்
அங்கே அவள் சிரித்துவிட்டாள்.